பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி

அக்காவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன், உடனே புறப்படவும் என்று அவள் கணவரிடமிருந்து தந்தி வந்தபோது, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உலக யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தர்மபுரியில் நான் பூகோள வாத்தியார். அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது சென்னையில்.

அம்மா பையில் துணி எடுத்து வைத்தாள். மொரப்பூர் போய்ச் சாயங்கால ரயிலைப் பிடித்தால் மறுநாள் விடியும்போது சென்னையில் இருக்கலாம். நான் அட்லஸை விரித்து, பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். சுமார் நூற்றெண்பது மைல். ஏரோப்ளேனில் ஒன்றேகால் மணி நேரம் என்று பேப்பரில் படித்திருந்தேன். பிற்பகலில் ஒரு விமானம் கிளம்புவதும் தெரியும்.

"மத்தியானத்துக்குள்ள பெங்களூர் போயிடலாம்மா. பொழுது சாயறப்ப அக்காகிட்ட இருக்கலாம்."

"வடக்கால போயி அப்பறம் கெழக்கால போறதா? எனக்கு ரயிலே போதும். நீ வேணா பறந்து போ. ஒருத்தராச்சும் முன்னாடி போனா அவளுக்குத் தெம்பா இருக்கும்."

சித்தப்பா துணையோடு அம்மா ரயிலில் வருவதென்று முடிவாயிற்று. 'இன்று மாலை வருகிறேன்' என்று அக்காவுக்குத் தந்தி கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

அது பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் திணறும். கிருஷ்ணகிரி தாண்டியதும் ஒரேயடியாக நின்றுவிட்டது. சாம்பலைத் தள்ளி, புதுக் கரி போட்டு, கிளப்புவதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. பெங்களூரில் இறங்கி ஜட்கா பிடித்து விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது, கிளம்பும் நேரம் கடந்திருந்தது. ஆனால் விமானம் அங்கேயே நின்றது. அப்பாடா என்று உள்ளே ஓடினேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தமிழர். "மெட்ராஸ்ல நல்ல மழைங்க. இன்னிக்கு எறங்க முடியாது. காலையில போகுங்க," என்றார்.

இன்னொரு தந்தி கொடுத்தேன். அது மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்தது.

காலையில் என்னையும் பையையும் எடை போட்டு ஏற்றினார்கள். கீழே பாலாறு தண்ணீரில்லாமல் வெள்ளை மணலாகக் கிடந்தது. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் போட்டது சரிதான், ஒன்றேகால் மணி நேரத்துக்கு இரண்டு நிமிஷம்தான் கூட. மீனம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது.

வராந்தா பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கே வந்து அக்காவைப் பார்த்துவிட்டாளாம்.

"உள்ள கூட்டிட்டுப் போயி ரெண்டு மணி நேரமாச்சு," என்றாள்.

"என்னைக் கேட்டாளா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து வாசலையே பாத்துட்டு இருந்தாளாம். வழியில உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டா. அந்தப் பயத்தோடதான் உள்ள போனா."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். நண்பகலுக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்து, பயமில்லை என்றார்.

இரண்டு நாள் கழித்துத்தான் அக்காவால் சரியாகப் பேச முடிந்தது. "உன்மேல கோவமாத்தான் இருந்துச்சு," என்றாள். நான் தலைகுனிந்து நின்றேன். பிறகு அவளே, "மேல இருந்து பாத்தா நம்ம வூடு தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஏரோப்ளேன் தர்மபுரிப் பக்கமே வராதுக்கா," என்றேன்.