கம்பியில் பட்ட எச்சில்

நான் வேலை பார்த்த பஞ்சாலை மூடிக் கிடந்த எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கம்பி கட்டும் வேலை கிடைத்தது. முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போவேன். படித்தது ஐந்தாவதுதான். அங்கிருந்த சாருக்கு வேண்டியிருந்தது நூல் பிடித்துப் பழகிய கை.

வெளிநாட்டில் அணுவின் துகள்களை எதிரெதிரே ஓட்டி மோத விடுகிறார்களாம். சிதறுவது எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் பெட்டியைத்தான் செய்தோம். உள்ளங்கை அகலச் சட்டத்தில், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்ட வேண்டும். அங்கே கதிர்வீச்சு கடுமை. பெட்டி கெடாமல் தாங்க வேண்டும். சார் ஐந்து வருடமாக அதற்குத்தான் பாடுபட்டார்.

முதல் பெட்டியைப் பல வாரம் கதிர்வீச்சில் வைத்துத் திறந்தபோது, சில கம்பிகளில் திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது.

"இவ்ளோ சின்னதா செஞ்சா தாங்காது போலருக்கு. வெளிநாட்டுக்கு அப்படியே எழுதி அனுப்பிட வேண்டியதுதான்," என்றார் சார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன். கட்டும்போது வழுக்கிய கம்பிகள் அவை. ஆலையில் இழை அறுந்தால் விரலை நாக்கில் தொட்டு நுனியைப் பிடிப்போம். இங்கேயும் கையுறையைக் கழற்றிவிட்டு அப்படித்தான் பிடித்திருந்தேன்.

பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். "வாயத் தொறக்காதக்கா, வேல போயிடும். ரெண்டு வருசமா நீ சார்கிட்ட ஒரு வார்த்த பேசல. பேச ஆரம்பிக்கறதே இதுலயா?" என்றாள்.

மறுநாள் காலை சார் தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றேன்.

"சார், கம்பியில எச்சி பட்டுருக்கு. என்னோடதுதான்."

அவர் நிமிர்ந்தார். "எந்தெந்தக் கம்பினு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஏழு கம்பிகளையும் காட்டினேன். உருப்பெருக்கியில் பார்த்தார். திட்டு இருந்ததும் அந்த ஏழில்தான். சிரித்துவிட்டார்.

"காத்து, கோந்து, ஈயம்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன்மா. எச்சிய நெனைக்கவே இல்ல. சரி, கையுறைய எதுக்குக் கழட்டுன?"

"பெருசா இருக்கு சார். விரல் நுனி தொங்குது."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

கூச்சம் என்று எப்படிச் சொல்வது? செருகிய காகிதத்தை அவர் உருவினார். மறு வாரமே எங்கள் கைக்குத் தகுந்த சின்னக் கையுறைகளை வரவழைத்தார். இரண்டாவது பெட்டியையும் என்னிடமே கட்டக் கொடுத்தார். அத்தனை வாரமும் கதிர்வீச்சில் இருந்த பிறகும், அது சுத்தமாக வெளியே வந்தது.