அக்கரைத் தோணிப் பாட்டு யாரோடது

கோலாலம்பூர்லயே மொதமொதல்ல பாட்டுப்பெட்டி வாங்கினவன் நான்தான் தம்பி. சரி சரி, அப்படிப் பாக்காதே, பொய்தான். பெட்டி என்னோடது இல்ல, பிரிக்பீல்ட்ஸ்ல சைக்கிள் கடை வச்சிருக்காரே பாய், அவரோடது. நான் தூக்குறவன். கல்யாணம், காதுகுத்து, கடை தொறப்பு, எங்க கூப்பிட்டாலும் பெட்டி என் தலையில, பாட்டு பிளேட்டு மூட்டை என் தோள்ல, குழாய் என் கக்கத்துல. நான் நடந்து வர்றதப் பாத்தா ஊமத்தம்பூவுக்குக் காலு மொளச்ச மாதிரி இருக்குன்னு பாயே சிரிப்பாரு. படிப்பு கெடையாது. பிளேட்டு மேல ஒட்டியிருக்கிற காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது, அதோட கலரையும் கிழிசலையும் வச்சுத்தான் எது என்ன பாட்டுன்னு கண்டுபிடிப்பேன். ஒரு தடவ சாமி பாட்டுன்னு நெனச்சு நாடகத்துல மாமியாளும் மருமவளும் சண்ட போடற பிளேட்ட வச்சுட்டு, பொண்ணு வீட்டுக்காரன் என்னைத் தொரத்தினான், அது வேற கதை.

உள்ள கல்யாணப் பந்தி நடக்குது, இன்னும் நேரம் இருக்கு, உக்காரு. பேய் பிசாசு எதையும் நான் நம்புனதே இல்ல தம்பி. பயமில்லாம இல்ல, சோம்பேறித்தனம். பெட்டியத் தூக்கிட்டு நாள் பூரா நடந்தவனுக்குப் படுத்தா பொணம் மாதிரி தூக்கம், பேய் வந்து எழுப்பினாக்கூட காலையில வான்னு சொல்லிருவேன். அப்படிப்பட்ட எனக்கு நடந்ததுதான் இது. நம்பினா நம்பு, நம்பாட்டி காப்பியக் குடிச்சிட்டுப் போ, எனக்கு யாரையும் நம்ப வைக்கத் தெம்பு இல்ல.

அக்கரைத் தோணிப் பாட்டு உனக்குத் தெரியுமில்ல? தெரியாதவன் எவன் இருக்கான். மெட்ராஸ் நாடகக்கார அம்மா பாடினது, அந்தப் பிளேட்டு கப்பல்ல வந்து எறங்கின நாள்ல இருந்து காப்பிக்கடையில அதான், கள்ளுக்கடையில அதான், ரயில் கொட்டகையில சம்மட்டி அடிக்கிறவன் வாயிலயும் அதான், தலைமுடி வெட்டற சீனன் கூட கத்திரிய வச்சுக்கிட்டு அதத்தான் சீட்டி அடிப்பான். நான் அதை எத்தன தடவ போட்டிருப்பேன்னு கேக்காதே. சாவி குடுத்துக் குடுத்து இந்தக் கையி தூக்கத்துலயும் சுத்துது. அந்தப் பாட்டு ஆரம்பிச்சாலே எனக்குக் கொட்டாவி வந்துரும், அப்படி அலுத்துப் போச்சு.

அப்ப கிள்ளான் பக்கம் ரப்பர் பால் வெட்டற ஒரு கித்தாத் தோட்டத்துல கண்ணாலம். முடிச்சுட்டு மறுநாள் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து வர்றேன். மட்ட மத்தியானம், வெயிலு மண்டையப் பொளக்குது. ரயில்வே கூலிங்க குடியிருக்கிற லயத்தத் தாண்டுறப்ப ஒரு ஆளு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மொட்டையடிச்ச தலையோட ஓடி வர்றாரு. "அண்ணே, பெட்டிக்காரண்ணே, நில்லுங்கண்ணே"ங்கிறாரு. கண்ணால வீட்டுல எதையோ ஒடச்சிட்டு வந்துட்டேன்னுதான் மொதல்ல நெனச்சேன்.

பேரு கதிரேசன். தண்டவாளத்துல கட்டை மாத்தற வேல. சம்சாரம் சொர்ணம் இருமி இருமியே செத்துப் போச்சாம், அன்னிக்குப் பதினாறாம் நாளு கருமாதி. காலையில இருந்து படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வச்சுக் கூப்பிடறாங்க, காக்கா வருது, கூரையில உக்காருது, சோத்தப் பாக்குது, தொட மாட்டேங்குது. காக்கா தொடாம யாரும் வாயில தண்ணி ஊத்தக்கூடாது இல்லையா, அதனால ஊரே பட்டினி. லயத்து வாசல்ல அத்தன பேரு கன்னத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, புள்ளைங்க அழுவுதுங்க, சடங்கு செய்ய வந்த பண்டாரம் வேற கொட்டாவி விடறாரு.

கதிரேசனோட அக்கா முத்தம்மாதான் அங்க பெரிய மனுசி. இடுப்புல கைய வச்சுக்கிட்டு காக்காவப் பாத்துப் பேசுது. "ஏண்டி சொர்ணம், உனக்கு என்னடி கொறை? கெளுத்தி மீன் கொழம்பு வச்சாச்சு, வெத்தல வச்சாச்சு, உன் பச்சைச் சேலைய வச்சாச்சு. உயிரோட இருக்கறப்பவும் என் சோத்தக் கொறை சொல்லுவே, செத்தும் சொல்றியா?"

காக்கா தலையத் திருப்பிக்கிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா பசியில இருக்கிறவங்க முன்னால சிரிச்சா அடி விழும்.

"அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்ணே"ன்னு கதிரேசன் என் காதுகிட்ட வந்து சொன்னாரு. "அந்த அக்கரைத் தோணி பிளேட்டு இருக்கா?"

கருமாதி வீட்டுல பாட்டாண்ணேன்னு கேட்டேன். அப்பத்தான் அவரு சொன்னாரு. சொர்ணம் சின்ன வயசுல நாடக செட்டுல பாடின பொண்ணாம். செட்டு கப்பலேறி மலாயா வந்துச்சு, வந்த எடத்துல ஒடஞ்சு போச்சு, ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க, இந்தப் பொண்ணு கிள்ளான்ல நின்னுருச்சு. அதுக்கு முன்னாடி சிங்கப்பூர்ல ஒரு வெள்ளக்காரன் மிஷினு கொண்டாந்து வச்சு இதைக் குழாய்க்கு முன்னால பாட வச்சானாம். அக்கரைத் தோணி, அதே பாட்டு. மெட்ராஸ் அம்மா பாடறதுக்கு ரொம்ப வருசம் முன்னால. கண்ணாலம் கட்டினப்ப கதிரேசன் சொல்லியிருக்காரு, கூத்தாடின பொண்ணுன்னு தெரிஞ்சா நாலு பேரு கேவலமாப் பேசுவாங்க, வாயத் தொறக்காதேன்னு. தொறக்கல. அப்புறம் இந்த மெட்ராஸ் பிளேட்டு வந்து, காப்பிக்கடையில மொதத் தடவ ஓடினப்ப, பாவம், தாங்க முடியாம, "இது என் பாட்டு"ன்னு சொல்லிருச்சு. கடையே சிரிச்சிருக்கு. எல்லாரும் கதிரேசன் மொகத்தப் பாத்திருக்காங்க. இவரு, "அவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு, கண்டுக்காதீங்க"ன்னுட்டாரு.

"அதுக்கப்புறம் அவ பாட்டப் பத்திப் பேசவே இல்லண்ணே. எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அவ சொன்னது நெசமா பொய்யான்னு. அது தெரியாம அவளை நான் எப்படிண்ணே அனுப்பறது?"

எனக்கு ரயிலு போயிரும். பசி வேற. ஆனா மொட்டத் தலையோட ஒரு மனுசன் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நிக்கிறப்ப என்ன பண்றது? பெட்டிய எறக்கினேன், குழாய மாட்டினேன், சாவி குடுத்து மெட்ராஸ் அம்மா பிளேட்ட வச்சேன். ஆர்மோனியம் கிர்ருன்னு ஆரம்பிச்சதோ இல்லையோ, கூரையில இருந்த காக்கா படபடன்னு எந்திரிச்சு அந்தாண்ட ரம்புத்தான் மரத்துக்குப் போயிருச்சு. கூட இருந்த காக்காவும் பின்னாலயே போச்சு.

"போச்சு! இருந்த காக்காவையும் வெரட்டியாச்சு!"ன்னு முத்தம்மா கத்துது. "ஏண்டா தம்பி, செத்தவளுக்குப் போட்டிக்காரி பாட்டையா படைக்கிறே? உனக்கு மூளை இருக்கா? பெட்டிக்காரரே, உமக்காச்சும் இருக்க வேணாமா?"

"மூளை இருந்தா நான் ஏன்க்கா பெட்டி தூக்கறேன்"னு சொன்னேன். நாலு பேரு சிரிச்சாங்க. கதிரேசன் சிரிக்கல. அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு.

எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. நாக்கு வறண்டு கெடக்கு, நான் அந்த வீட்டு ஆளு இல்லையே, தண்ணி குடிச்சா தப்பில்லன்னு அடுப்படிக்குப் போயி தண்ணிப் பானை மூடியத் தூக்கினேன். தூக்கினவன் அப்படியே நின்னுட்டேன். மத்தது எதுவும் தெரியாட்டியும் பிளேட்டோட கனம் என் கைக்குத் தெரியும் தம்பி. கறுப்பா, வட்டமா, நடு ஓட்டையில துணியச் சுத்திச் சொருகி கைப்பிடி பண்ணி வச்சிருக்கு.

வெளிய கொண்டாந்து கதிரேசன்கிட்ட காட்டினேன். "அண்ணே, இது ஏதுண்ணே?"

"அது பானை மூடி. கண்ணாலம் கட்டி வந்தப்பவே அவ கொண்டாந்தது. வேற யாரையும் கழுவ விடமாட்டா, அவளேதான் சாம்பல் போட்டுத் தேய்ப்பா."

"மூடி இல்லண்ணே, பிளேட்டு."

கூட்டம் எந்திரிச்சு வந்துருச்சு. ஆனா பிரயோசனம் இல்ல தம்பி. காகிதம் எப்பவோ ஊறிப் போயிருச்சு. பிளேட்டுன்னா மேல கோடு இருக்கணும், ஊசி அந்தக் கோட்டுலதான் ஓடும், பாட்டு அதுலதான் இருக்கு. இது தேங்காநாரும் சாம்பலும் போட்டு வருசக்கணக்காத் தேச்சது. நகத்த வச்சு இழுத்துப் பாத்தேன், வழுவழுன்னு ஆத்துக் கல்லு மாதிரி. ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல. அதைச் சொன்னேன். கதிரேசன் கேக்கல. "வச்சுப் பாருண்ணே"ங்கிறாரு. ஊசி வழுக்கி விழும்ணே, கிறீச்சுன்னு கத்தும், அதுக்கு மேல ஒண்ணும் இல்லண்ணேங்கிறேன். "வைண்ணே"ங்கிறாரு. நடு ஓட்டையில இருந்த துணிய உருவினேன்.

வச்சேன். சரி, கிறீச்சுன்னு ஒரு சத்தம் வந்தா இவருக்கு மனசு ஆறும், நானும் அடுத்த ரயிலப் பிடிப்பேன்னுதான் வச்சேன். ஊசி வழுக்கல தம்பி. ஓரத்துல வச்ச எடத்துலயே நின்னுச்சு. உள்ள போகவும் இல்ல, வெளிய போகவும் இல்ல. பிளேட்டு சுத்துது, ஊசி நிக்குது, பாட்டு வருது.

ஆர்மோனியம் இல்ல, பிடிலு இல்ல, வெறும் தொண்டை. மெட்ராஸ் அம்மா துள்ளித் துள்ளிப் பாடும், இது மெதுவா, பாரம் தூக்கிட்டு நடக்கிறவன் மாதிரி பாடுது. அத்தன தடவ கேட்டு அலுத்த பாட்டு, எனக்குக் கொட்டாவி வரல. மெட்ராஸ் பிளேட்டுல இல்லாத அடி ரெண்டு கடைசியில வந்துச்சு.

அக்கரைத் தோணிக்காரா, ஆளேத்திப் போறவனே,
இக்கரையில் நின்னவளின் பேரச் சொல்லிப் போ.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அந்த ரெண்டு வரி அப்படியே ஒட்டிக்கிச்சு. பாட்டு முடிஞ்சுது. அந்தக் காலத்துப் பிளேட்டுல முடியறப்ப பாடினவங்களே பேரு சொல்லுவாங்க, பிளேட்டு செய்யற வெள்ளக்காரனுக்குத் தமிழ் தெரியாதில்ல, யாரு பாடினதுன்னு அவனுக்கு அடையாளத்துக்கு. இதுலயும் வந்துச்சு. "நாடகம் சொர்ணம்." அவ்வளவுதான். கிர்ருங்குது, நின்னுருச்சு.

புள்ளைங்க கூட அழுகைய நிறுத்திருச்சு. கதிரேசன் எந்திரிச்சு லயத்துல இருக்கிற அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி, "அது எம் பொண்டாட்டி பாட்டு. அவ கிறுக்கி இல்ல, நான்தான் பொய் சொன்னேன்"னாரு. சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாரு. அழுவாருன்னு பாத்தா, மொகம் வெளுத்துப் போயி நிக்கிறாரு.

"அண்ணே, அந்தப் பிளேட்டு அவ சின்னப் பொண்ணா இருக்கறப்பப் பாடினதுதானே?"

"ஆமாண்ணே."

"அடிக்கு நடுவுல ரெண்டு எடத்துல மூச்ச இழுத்தா, கேட்டீங்களா? இருமல அடக்கிக்கிட்டு இழுப்பா. சின்ன வயசுல அவளுக்கு இருமலே கெடையாதுண்ணே. இது போன மாசத்துக் கொரலு."

அந்த நேரத்துல பின்னால பண்டாரம், "எலையப் பாருங்க"ன்னு சத்தம் போட்டாரு. கூரையில வச்ச எலை காலி. ஒரு பருக்கை இல்ல. காக்கா வந்ததை ஒருத்தரும் பாக்கல, எல்லாரும் பெட்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். "நாய் ஏறித் தின்னுருக்கும்"னு முத்தம்மா சொல்லிப் பாத்துச்சு. கூரையில எந்த நாய் ஏறும்? மறுபடி வச்சுப் பாருன்னாங்க, வச்சேன், ஊசி வழுக்கி நடுவுல போயி கிறீச்சுன்னு கத்துச்சு. மொதல்லயே அப்படிக் கத்தியிருக்க வேண்டியது. கதிரேசன் மூடிய வாங்கி, துண்டுல சுத்தி, மடியில வச்சுக்கிட்டு சாப்பிட உக்காந்தாரு. நல்லாச் சாப்பிட்டாரு. பதினாறு நாளுக்கப்புறம் அப்பத்தான் சாப்பிடறாருன்னு சொன்னாங்க.

அது வரைக்கும் சரி தம்பி. ஏதோ வெயிலு, பசி, எல்லாருக்கும் காதுல எதோ கேட்டுச்சுன்னு கூட வச்சுக்க, நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிறேன். ஆனா பெட்டியக் கட்டறப்ப குழாயக் கழட்டினேன் பாரு, உள்ள கை பட்டுச்சு. ஈரம். வெதுவெதுன்னு ஈரம். கண்ணாடிகிட்ட வாய வச்சு ஊதினா படியுமே, அந்த மாதிரி. பாய்கிட்ட சொன்னேன், உன் வேர்வையா இருக்கும்டாங்கிறாரு. என் கை வெளியில இருக்கு, குழாயோட உள்பக்கத்துக்கு எப்படி வேர்க்கும்? அதோட போயிருந்தாலும் பரவால்ல. இப்பவும் மத்த எந்தப் பிளேட்டு போட்டாலும் குழாய் காஞ்சு கெடக்கும், அந்த மெட்ராஸ் அம்மா பாட்ட மட்டும் போட்டு முடிச்சு கைய உள்ள விட்டேன்னா...

"பெட்டிக்காரரே! அங்க என்ன கதை? பந்தி முடிஞ்சுது, மாப்பிள்ள வீட்டுல பாட்டு கேக்கறாங்க லா, வாங்க சீக்கிரம்!"

இதோ வரேண்ணே! என்ன பாட்டு கேக்கறாங்கன்னு நான் கேக்கவே வேணாம், உனக்கும் தெரியும். அந்தத் துண்ட இப்படிக் குடு தம்பி, பாட்டு முடிஞ்சதும் குழாயத் தொடைக்கணும்.