கடைசி இருக்கைக்கு முதல் கோப்பை

நூர்முகம்மதுவுக்கு மூக்கில் குழாய் போடுவதா, வாயாலேயே கஞ்சி கொடுப்பதா என்பது மறுநாள் காலை தெரிந்துவிடும். மூன்று நாள் புரையேறாமல் சாப்பிட்டால் குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டரை நாள் நல்லபடியாக ஓடிவிட்டது.

பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் பேச்சும் போய் நான்கு மாதம். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று மகள் தஸ்மியா பாளையங்கோட்டையில் வீடு பிடித்து, ஞானசௌந்தரியைப் பகல் நர்ஸாக வைத்திருந்தாள். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரவேண்டும், தாடை நெஞ்சைப் பார்க்கவேண்டும், டிவி கூடாது, போன் கூடாது. ஞானசௌந்தரியின் சட்டம் அது.

அவர் காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் ஒரு சிறு நாட்டு மன்னரின் விருந்தினர் கூடத்தில் இருபத்தாறு வருடம் கஹ்வா என்னும் அரபுக் காப்பி ஊற்றியவர். முதல் கோப்பை மன்னருக்கு, அடுத்தது தம்பிக்கு, பிறகு மூத்த மகனுக்கு. வாசலோரம் உட்காரும் கடைசி மகனுக்குக் கடைசியில். அந்த வரிசை தெரிந்தால் அடுத்த மன்னர் யாரென்றும் தெரியும் என்று பெருமையடிப்பாராம். "இனி ஊரில் பிள்ளைகளோடு இருங்கள்" என்று மரியாதை செய்து அனுப்பிவைத்தார்கள் என்பாராம்.

அன்று மதியம் ஞானசௌந்தரி கஞ்சி ஊட்டும்போது, ஏழாவது கரண்டியில் தஸ்மியாவின் போன் அடித்தது. அதே நாட்டில் வேலை பார்க்கும் கணவன். சட்டத்தை மறந்து, கட்டிலோரம் நின்றே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"மன்னர் மௌத்தாயிட்டாங்க. ஊரே அடைச்சுக் கெடக்கு."

"யா அல்லா! அடுத்து தம்பிதானே?"

"அதான் இல்ல. வயசு வரிசை வேண்டாம், குடும்பத்துக்குள்ள ஓட்டுப் போட்டு எடுங்கன்னு போன வருஷம் சட்டத்த மாத்தினாங்கல்லா, சும்மா பேச்சுக்குன்னு நெனச்சோம். நெசமாவே ஓட்டுப் போட்டுட்டாங்க. வாசலோரம் உக்காருவாருன்னு மாமா சொல்வாங்கல்லா, அந்தக் கடைசி மவன்தான் மன்னர்!"

"போனை அணை!" என்று ஞானசௌந்தரி கத்தினாள். கிழவருக்கு அதற்குள் புரையேறிவிட்டது. கண் பிதுங்கி, முகம் கறுத்தது. அவரை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கித் தட்டினாள். மூன்றாவது தட்டில் பலமாக இருமினார். கஞ்சி மடியில் வந்து விழுந்தது.

"அந்தப் புள்ளையா?" என்றார்.

நான்கு மாதத்தில் முதல் பேச்சு.

"பத்து வயசு... நோன்பு தொறக்கிற நேரம்... பசியில சுருண்டு கெடந்துச்சு. மொதக் கோப்பைய... அதுக்கு ஊத்திட்டேன்." மூச்சு வாங்கினார். "மறுநாளே வெரட்டிட்டாங்க."

"வெரட்டினாங்களா? மரியாத செஞ்சு அனுப்புனாங்கன்னியளே வாப்பா!"

"பொய்."

தஸ்மியா அவர் மடியில் கிடந்த கஞ்சியைத் துடைத்தாள். பிறகு ஞானசௌந்தரியின் சேலையைப் பிடித்தாள். "சிஸ்டர், புரையேறுனத மட்டும் எழுதாதிய. குழாய் போட்டுருவாங்க."

"எழுதாம விட்டு நாளைக்கு நெஞ்சுல சளி கட்டினா, நீயா பதில் சொல்லுவ? நீ போன் பேசினதையும் சேத்துத்தான் எழுதுவேன்."

எழுதினாள். 'மகள் போன் பேசும்போது ஏழாவது கரண்டியில் புரையேறியது. பலமாக இருமித் துப்பினார். பேசினார்.' கடைசிச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் டாக்டர் அதை இரண்டு தரம் படித்தார். கிழவரிடம் பெயர் கேட்டார். பதில் வந்தது. குழாய் உறையைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தார்.

"இருமல் பலமாத்தான் இருக்கு. இன்னும் மூணு நாள் பார்ப்போம்."

ஞானசௌந்தரி தஸ்மியாவின் போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள்.