நிற்காமல் ஓடிய என் பேர்

எங்கள் டிராவல்ஸுக்கு என் பேர்தான். முதல் வேன் வாங்கின அன்றே அதன் பக்கவாட்டில் என் பேரைப் பெரிதாக எழுதவைத்தார் என் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆபீஸ் பிடித்தபோது போர்டிலும் அதே பேர். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவர் போன பிறகும் தினமும் காலையில் போர்டுக்குக் கீழே நின்று, எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போய் என் நாற்காலியில் உட்காருவேன். அவசரம் என்ன, போர்டு எங்கே ஓடப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் கட்டடக்காரர் வாடகையை ஏற்றினார். என் மகன் ஆபீஸைக் காலி செய்துவிட்டு, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பொது ஆபீஸில் இடம் பிடித்தான். ஒரே ஹாலில் பல கம்பெனிகள். நமக்கு வேண்டிய மேஜைக்கு மட்டும் மாத வாடகை. கரண்ட், ஏசி, இன்டர்நெட், காபி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம்மைப் போலச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு இதுதான் லாபம் என்றான். லாபம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் நாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பிள்ளைகள் தமக்குத்தாமே பேசிக்கொண்டிருந்தார்கள். கிரிவலப் பாதையில் அப்படிப் பேசினால் சாமியார் என்று கும்பிடுகிறோம். இங்கே முதலாளி என்கிறார்கள். எங்கள் டிரைவர் சாவி வாங்க வந்து வாயைத் திறந்ததும் அத்தனை தலையும் திரும்பியது. அவர் என்ன செய்வார், ஹாரனுக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. பேச வேண்டுமென்றால் கண்ணாடி ரூமை முன்கூட்டியே புக் பண்ண வேண்டுமாம்.

என் நாற்காலி எது என்று கேட்டேன். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்த முகமாக, இங்கே யாருக்கும் தனி நாற்காலி கிடையாது, முதலில் வருகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம் என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது ஆபீஸ் இல்லை, டவுன் பஸ். மறுநாள் ஜன்னலோர நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அதில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். துண்டை அழகாக மடித்து என்னிடம் நீட்டி, "பாட்டி, இது உங்களுதா?" என்றான். துண்டு கிடந்தால் அது பிடித்த சீட்டு என்பதுகூடத் தெரியாமல் இன்ஜினியர் ஆகியிருக்கிறான். எழுப்பிவிட்டேன்.

நாற்காலிகூடப் போகட்டும். போர்டு மாட்ட வழியில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். அதற்குப் பதில் வாசலில் ஒரு டிவி. எல்லாக் கம்பெனிப் பேரும் அதில் வந்து வந்து போகும். என் பேரும் வந்தது. முதல் எழுத்தைப் பிடித்து அடுத்ததற்குப் போவதற்குள் ஏதோ ஆப் கம்பெனி வந்துவிட்டது. மறுபடி வரும்வரை நின்றேன். மறுபடியும் அதே கதைதான். ஊரே என் பேரைச் சொல்லி வேன் கேட்டது போய், என் பேரை நானே விரட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் நிறுத்தேன் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டால், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நேரம்தான், அதுதான் ரூல் என்றாள்.

பழைய இடத்துக்கே போய்விடலாம் என்று மகனிடம் சொன்னேன்.

"இன்னாம்மா நீ, ஒரு பேருக்கோசரம் அவ்ளோ வாடகை குடுப்பாங்களா?"

அவன் சாப்பிட்டு வளர்ந்தது அந்தப் பேரில்தான். எங்கள் முதல் வேன் இன்னும் இருக்கிறது. வயதாகிவிட்டதால் உள்ளூர்ச் சவாரிக்கு மட்டும் போகும். மற்ற நேரம் அதை இந்த ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில், பேர் எழுதின பக்கம் ரோட்டைப் பார்த்தபடி நிறுத்தச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே படித்தேன். அது ஓடவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு. எந்த ஆட்டோக்காரர் வாயிலும் அது நுழையாது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் எல்லாரும் போனில் என் பேரைச் சொல்லி, அந்த டிராவல்ஸ் வேனுக்கு எதிரில் என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். துண்டை மடித்துக் கொடுத்த பையனும்தான்.

ஒரு பௌர்ணமிக்கு வேனைச் சவாரிக்கு அனுப்பிவிட்டோம். அன்றைக்கென்று பார்த்து, சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் மொத்தமாக இடம் எடுக்க வந்தார்கள். மரத்தடியில் வேனைக் காணாத ஆட்டோக்காரர், கோட்டுப் போட்டவர்கள் வேறெங்கே போவார்கள் என்று பக்கத்திலிருந்த கலெக்டர் ஆபீஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மனு கொடுக்க வந்த கூட்டத்தோடு வெயிலில் நின்றார்களாம்.

மறுநாள் அந்தப் பெண் என் நாற்காலிக்கு வந்தாள்.

"அம்மா, அந்த வேன் இனிமே தினம் அங்கயே நிக்குமாம்மா?"

"நிக்கும் கண்ணு. டிவியில என் பேரும் நிக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"நான் படிச்சி முடிக்கிற வரைக்கும்."

இப்போது நிற்கிறது. அடுத்த பேர் வருவதற்குள் மனுஷன் காபியே குடித்துவிடலாம் என்று மற்றக் கம்பெனிக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதாகக் கேள்வி. குடிக்கட்டும். காபிதான் வாடகையிலேயே சேர்த்தியாச்சே.