ஹெல்மெட்டுக்குள் ஒரு பொட்டு

ஹெல்மெட்டின் உள்ளே, நெற்றி படும் இடத்தில், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

வேலைக்குச் சைக்கிளில் போக எனக்கு ரொம்ப ஆசை. ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளே கிடையாது என்று அம்மா சொன்னதால், இன்று சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

"அண்ணே, இதை யாராவது போட்டாங்களா?"

"உன் முன்னாடிதானே பெட்டிய பிரிச்சேன்? புதுசு லா, தங்கச்சி."

கூச்சத்தில் மறுக்க முடியாமல் போட்டுப் பார்த்தேன். ஏர்கான் குளிரிலும் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றியதைப் போல. வார் என் தாடைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"பாத்தியா, உனக்குன்னே செஞ்சிருக்கு!"

ஹெல்மெட் விபத்திலிருந்து காப்பாற்றுமாம். என்னைச் சைக்கிளிலிருந்தே காப்பாற்றிவிட்டது.

அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு, ஈசூன் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.