பேய்களுக்குக் கொடுத்த கரித்துண்டு

எனக்கு வேஷம் போடுவது பிடிக்காது. மற்றவர்கள் போட்டால் பார்த்து ரசிப்பேன். என் உடம்பில் மட்டும் ஏறக்கூடாது. சின்ன வயதில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் விநோத உடைக்கென்று என்னைப் பிடித்துத் தபால் பெட்டி ஆக்கினார்கள். கழுத்திலிருந்து முழங்கால் வரை சிவப்பு அடித்த மட்டைப்பெட்டி. மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் பெரிய வகுப்புப் பெட்டைகள் கடிதம் போடும் வாய்க்குள் கச்சான் கடலைக் கோதுகளைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். கை இரண்டும் உள்ளே இருந்தபடியால் சொறியக்கூட வழியில்லை. பரிசும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என் கல்யாணத்துக்குக்கூட அளவாகத்தான் அலங்கரிக்க விட்டேன்.

இந்தக் குணம் மகளுக்கு அப்படியே வந்து வாய்த்தது. பிறந்தநாளுக்கு ஆசைப்பட்டு வாங்கிய லேஸ் வைத்த சட்டையைக் கேக் வெட்டுவதற்கு முன்பே கழற்றி எறிந்துவிட்டு, "கடிக்குது" என்று உள்சட்டையோடு நின்றாள். அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. யாருக்கும் காட்டுவதில்லை.

எண்பதுகளின் கடைசியில், அவள் சின்ன வகுப்பில் இருந்தபோது, வால்தம்ஸ்டோவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள் உள்ள ஒரு தெருவுக்குக் குடிவந்தோம். அந்தத் தெருவில் அவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு சிநேகிதி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெட்டை. முகமெல்லாம் புள்ளி, முன்பல் இரண்டும் இல்லை. காலையில் அவள் எங்கள் கதவைத் தட்டுவாள். இருவரும் கை கோத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். நான் பின்னால் நடப்பேன். அந்தத் தட்டல் கேட்கும் வரைக்கும் மகள் சப்பாத்தைப் போட்டபடி படியில் காத்திருப்பாள்.

குடிவந்த முதல் வருஷம் ஒக்ரோபர் கடைசி நாள் பொழுதுபடும் நேரம். கதவு தட்டப்பட்டது. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். கூம்புத் தொப்பி ஒன்று, எலும்புக்கூடு ஒன்று, எல்லார் கையிலும் பை.

"சின்னப் பிள்ளையளைப் பிச்சைக்கு அனுப்பியிருக்கினம். லைற்றை நூத்துவிடும்," என்றார் கணவர்.

நூர்த்துவிட்டு மூன்று பேரும் கள்ளரைப் போல இருட்டில் குந்தியிருந்தோம். வெளியே பக்கத்து வீட்டுப் பெட்டையின் குரல், மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயில் விரலை வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டுக்குத் 'திறக்காத வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஹலோவீன் என்று பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்பது பிச்சையில்லை, விளையாட்டு என்று எனக்கு விளங்க அடுத்த வருஷம் ஆயிற்று. அதையும் மகள்தான் விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, இந்த முறையும் கதவைத் திறக்காட்டி அவள் என்னோடை சேரமாட்டாளாம்."

"அப்ப நீயும் வேஷம் போட்டுக்கொண்டு போகப்போறியோ?"

"ஏலாது. கடிக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "நாங்கள் வீட்டிலை நிண்டு குடுப்பம்."

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. கேட்டு வருகிறவருக்குத்தான் வேஷம், கொடுக்கிறவருக்கு ஒன்றும் தேவையில்லை. வீட்டுச் சட்டையோடு, கம்பளிச் சப்பாத்தோடு ஒரு பண்டிகை கொண்டாடலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

கடையில் விற்கும் இனிப்பைப் பிரித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பயறு வறுத்து, இடித்து, சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துப் பயற்றம் பணியாரம் சுட்டேன். வீடெல்லாம் எண்ணெய் வாசம். மகள் ஒவ்வொரு கடதாசிப் பைக்குள்ளும் பணியாரத்தை எண்ணிப் போட்டாள், எண்ணாமல் தானும் சாப்பிட்டாள். பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி வாசலில் வைக்க வேண்டும் என்றார்கள். வாங்கினேன்தான், ஆனால் அது மத்தியானமே கறியாகிவிட்டது. பதிலாக யன்னலில் சாமியறை விளக்கைக் கொளுத்தி வைத்தேன்.

கடைசியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பொழுதுபட்ட பிறகு எண்ணெயில் பொரித்ததையோ இறைச்சிக் கறியையோ வீட்டுக்கு வெளியே கொடுத்துவிடுவதென்றால் மேலே ஒரு கரித்துண்டு வைத்துத்தான் கொடுப்போம். இல்லாவிட்டால் வாசத்துக்குப் பேய் பின்னாலேயே வரும். நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் வைக்காமலும் விடமாட்டேன். அதுவும் ஊரிலுள்ள பேயெல்லாம் வெளியே வரும் நாள் என்று பள்ளிக்கூடமே சொல்லிக் கொடுத்த ஒரு நாளில், யாரோ பெற்ற பிள்ளைகளை எண்ணெய்ப் பலகாரத்தோடு தெருவில் விடலாமா? சாம்பிராணிக்கென்று வைத்திருந்த கரியை உடைத்து, பைக்கு ஒரு துண்டாகப் போட்டேன்.

"வாறதே பேய்தான். பேய் கொண்டுபோற பணியாரத்துக்குப் பேய்க்காவலோ?" என்று கணவர் சிரித்தார்.

"அது வேஷப் பேய். நான் சொல்லுறது மற்றது," என்றேன்.

அன்று மாலை போல எங்கள் வீடு கலகலத்ததே இல்லை. வாசலில் நிறுத்தி அனுப்புவது எனக்குத் தெரியாத வேலை. வந்தவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். எலும்புக்கூடுகள் சோபாவில் இருந்துகொண்டு கால் ஆட்டின. ஒரு சூனியக்காரி என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வெள்ளை விரிப்பால் மூடிக்கொண்டு இரண்டு ஓட்டைகளால் பார்த்த பேய் எங்கள் பக்கத்து வீட்டுப் பெட்டைதான். அந்த விரிப்பு அவர்கள் கொடியில் காய்வதை எத்தனை தரம் பார்த்திருப்பேன். நான் கண்டுபிடிக்காதவள் போலப் பயந்து காட்டினேன். பேய்க்கு அவ்வளவு சந்தோஷம். மகள் பள்ளிக்கூடக் கார்டிகனோடு கதவடியில் நின்று ஒவ்வொருவர் கையிலும் பை கொடுத்தாள். திறக்காத வீடு என்ற பெயர் போய்விட்டதென்று அவள் முகமே சொன்னது.

அடுத்த நாள் காலையில் கதவு தட்டப்படவில்லை.

மகள் சப்பாத்தோடு படியில் காத்திருந்தாள். நேரமாகிவிட்டது என்று நான்தான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் அந்தப் பெட்டை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள். பின்னேரம் மகள் அழுதுகொண்டு வந்தாள்.

"அவளைக் கூடாத பிள்ளையெண்டு நீங்கள் சொன்னனீங்களாம்."

"நான் எப்ப சொன்னனான்?"

"கரி குடுத்தனீங்களாம். என்னோடை இனிக் கதைக்கமாட்டாளாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பிள்ளையின் அழுகை விளங்கியது. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தாய் திறந்தாள். உயரமான மனுஷி, எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் கேட்க, அவள் மரியாதையாகவே சொன்னாள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் இரவு பிள்ளைகள் காலுறையைத் தொங்கவிடுவார்களாம். நத்தார் பாப்பா நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு போடுவார், கெட்ட பிள்ளைகளுக்குக் கரித்துண்டு போட்டுவிட்டுப் போவாராம்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளையும் வீட்டுக்குள் கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் கொடுத்து, கெட்ட பிள்ளை என்று பட்டமும் கட்டி அனுப்பியிருக்கிறேன். என் ஆங்கிலம் கடைக்கும் பேருந்துக்கும் போதும், பேய்க்குப் போதாது. எண்ணெய் என்றேன், இருட்டு என்றேன், பேய் என்றேன், பின்னால் வரும் என்று கையால் நடந்து காட்டினேன். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடையில் விட்டதையெல்லாம் நிரப்பினாள்.

"அப்படியென்றால் கரி வைத்தது அவர்களைக் காப்பாற்றவா?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

"ஓம், ஓம்," என்று தமிழிலேயே தலையாட்டினேன்.

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் படியிலேயே குந்திவிட்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் புள்ளி முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"நேற்று என் பின்னால் பேய் வந்ததா?" என்று என்னிடம் கேட்டாள் பெட்டை.

"நீ கண்டாயா?"

யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். தன் கரியைக் கோபத்தில் குப்பைக்குள் எறிந்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்ததாக்கும், முகம் வாடிவிட்டது. மகள் கார்டிகன் பைக்குள் கைவிட்டாள். முதல்நாள் தனக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை வெளியே எடுத்து நீட்டினாள். இரண்டு பெட்டைகளின் கையும் கறுப்பாகிவிட்டது.

காலையில் கதவு தட்டப்பட்டது. நான் கேட்பதற்குள் மகள் படியிலிருந்து பாய்ந்துவிட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே, பேய்க் கதை எனக்கு முன்பே அங்கே போய்விட்டது என்று தெரிந்தது.

சில நாளில் நவம்பர் ஐந்து, இந்த நாட்டில் வாணம் விட்டுப் பெரிய நெருப்பு மூட்டும் நாள். பக்கத்து வீட்டு வளவில் விறகு குவித்து எரித்தார்கள். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நெருப்பில் சுட்ட உருளைக்கிழங்கை வெள்ளித்தாளில் சுற்றி, ஒரு தட்டில் வைத்து, அந்தத் தாய் வேலிக்கு மேலால் மகளிடம் நீட்டினாள். மகள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏதோ படையல் கொண்டுவருவது போல மெல்ல மெல்ல நடந்து வந்தாள்.

உருளைக்கிழங்குக்கு மேலே, இன்னும் சூடு ஆறாத ஒரு கரித்துண்டு.

"என்னோடை ஒண்டும் வராமல் இருக்கவாம்," என்றாள் மகள்.

எண்ணெய் படாத கிழங்குக்குக் கரி தேவையில்லை. வேலியிலிருந்து எங்கள் குசினிக் கதவுக்கு ஒரு எட்டுத் தூரம்தான், அதற்குள் எந்தப் பேய் வரப்போகிறது? அதையெல்லாம் நான் சொல்லவில்லை. யன்னலைத் திறந்து வேலிப் பக்கம் கை காட்டினேன். அவளும் காட்டினாள். பிறகு அந்தக் கரியைச் சாமியறையில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து நாங்கள் கிழங்கைச் சாப்பிட்டோம்.