இல்லையென்று சொன்னதற்கு ஒரு புத்தகம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது என் கையெழுத்து ஓர் அரசாங்க விஷயத்தில் சிக்கிக்கொண்டது. தப்பு என்னுடையதல்ல என்று அன்று உறுதியாக நம்பினேன். அம்மாவும் மாமாவும் உள்ளூராட்சிக் கவுன்சிலும் சேர்ந்து செய்த வேலை அது.

மிச்சம் என்னும் ஆங்கிலேயப் புறநகரில், ட்ராம் நிறுத்தத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் எங்கள் கடை இருந்தது. பால், பாண், பத்திரிகை எல்லாம் வைத்திருந்தோம். ஆனால் கடை ஓடியது பியரிலும் வைனிலும்தான். அப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட். கடை அம்மாவின் பொறுப்பு. யுத்த இடப்பெயர்வில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். ஆங்கிலக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

அந்த வருடம் கவுன்சில் ஒரு பையனை எங்கள் கடைக்கு வேவு பார்க்க அனுப்பியது. அவன் இரண்டு கான் பியர் வாங்கிக்கொண்டு வெளியே போனான். அடுத்த நிமிடம் ஓர் அதிகாரி உள்ளே வந்தார். பையனுக்கு வயது பதினாறாம், பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது குற்றமாம். அம்மாவால் அதை நம்பவே முடியவில்லை.

"தாடி வைச்சிருந்தவன், தம்பி. எங்கட ஊரில உந்தத் தாடிக்கு ரெண்டு பிள்ளை இருக்கும்," என்று என்னிடம் புலம்பினார்.

பிறகு கடிதம் வந்தது. இன்னொரு தடவை பிடிபட்டால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் கடையும் போய்விடும் என்பது எனக்கே தெரியும். இனிமேல் இருபத்தைந்து வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் ஐடி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் விற்கக்கூடாது. விற்க மறுத்த ஒவ்வொருவரையும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். என்ன நாள், என்ன நேரம், என்ன கேட்டார், ஆள் எப்படி இருந்தார், யார் மறுத்தது என்று ஐந்து கட்டங்கள்.

மாமா ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் கடை வைத்திருந்தார். சட்டம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருடைய எண்ணம். கடிதத்தைக் கேள்விப்பட்டதும் ஓடி வந்தார்.

"இந்த நாட்டில கடைக்காரன் ஆரையும் இல்லையெண்டு அனுப்பலாம், அக்கா. காரணமே சொல்லத் தேவையில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நிறத்தைப் பாத்து அனுப்பேலாது. சமயத்தைப் பாத்தும் ஏலாது. ஆம்பிளை பொம்பிளை பாத்தும் ஏலாது," என்றார்.

"வயசைப் பாத்து?"

"அது கட்டாயம் அனுப்ப வேணும்."

"அப்ப முகத்தைப் பாக்காமல் வயசை மட்டும் பாக்கச் சொல்லுறாங்கள்," என்றார் அம்மா.

அவருடைய சிக்கல் உண்மையானது. வெள்ளைக்காரரின் வயதை அவரால் மதிப்பிடவே முடியாது. அதனால் எல்லோரிடமும் கேட்பது என்று முடிவெடுத்தார். பென்ஷன் நாளில் விஸ்கி வாங்க வரும், கைத்தடி ஊன்றிய கிழவரிடமும் ஐடி கேட்டார். அவர் முதியோர் பஸ் பாஸை கவுண்டரில் வைத்துவிட்டு முறைத்தபடி நின்றார். அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போத்தலைக் கொடுத்தார்.

பள்ளி விட்டதும் நான் கவுண்டருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த பால் பெட்டியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். மாமாவின் யோசனைப்படி அந்தப் புத்தகமும் என் தலையில் விழுந்தது. அம்மா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

"நெட்டையன். எங்கட பெரியப்பான்ர மூத்தவன்ர சாடை."

"அம்மா, கவுன்சிலுக்குப் பெரியப்பான்ர மூத்தவனைத் தெரியாது."

"அப்ப மூக்கை எழுது. நீட்டு மூக்கு."

இப்படியே பக்கம் பக்கமாக எழுதினேன். சலிப்பாக இருந்தாலும் எழுத்தில் குறை வைக்கவில்லை. பள்ளியில் சொல்லித் தந்தபடி தேதிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வகுப்பு ஆசிரியை கடைக்குள் வந்தார். தேர்வில் தேறியவர்களை மட்டும் சேர்க்கும் கிராமர் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்காக மதிய இடைவேளையில் எனக்கு மட்டும் தனியாகக் கணக்குச் சொல்லித் தருபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முழுதாக முடிக்கப் போகிற முதல் ஆள் நான்தான் என்பதால் வீட்டில் அவருக்குத் தெய்வத்துக்கு அடுத்த இடம். ஆனால் அம்மா அவரை நேரில் பார்த்ததில்லை. ஆசிரியை உடற்பயிற்சிக்காக ஓடிவிட்டு வந்திருந்தார். கொண்டை போட்ட முடி, காலில் ஓட்டச் சப்பாத்து, கையில் ஒரேயொரு நோட்டு. வெள்ளை வைன் போத்தல் ஒன்றை எடுத்து வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா ஐடி கேட்டார்.

"அம்மா, இவ என்ர ரீச்சர்," என்றேன்.

"ரீச்சரெண்டு நெத்தியில எழுதியே கிடக்கு? சின்னப் பிள்ளை மாதிரி நிக்கிறா."

"முப்பது வயசிருக்கும் அம்மா."

"நீ பிறப்புச் சான்றிதழ் பாத்தனியே?"

பிறகு ஆசிரியையின் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "நோ ஐடி, நோ வைன். சொறி," என்றார். ஆசிரியை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், போத்தலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

"எழுது," என்றார் அம்மா.

எழுதுவதுபோலக் கையை அசைத்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். என் ஆசிரியையை நீட்டு மூக்கர்களின் வரிசையில் நிறுத்த என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதது அன்று வசதியாகப் போயிற்று. திங்கட்கிழமை ஆசிரியை, கடையில் தன்னிடம் ஐடி கேட்டார்கள் என்று வகுப்பு முழுவதற்கும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். என்னைப் பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன். நாள் முழுவதும் தலை நிமிரவில்லை.

சில வாரங்களில் கவுன்சில் அதிகாரி மறுபடி வந்தார். புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். பிறகு கமராப் பதிவைப் போடச் சொல்லி, தானே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். அந்த வெள்ளிக்கிழமையேதான். திரையில் ஒரு பெண் போத்தலை வைக்கிறார், அம்மா தலையை ஆட்டுகிறார், மூலையில் பால் பெட்டியில் நான். புத்தகத்தில் அந்த நாளே இல்லை.

இதை எழுதுவது யார் என்று அதிகாரி கேட்டார்.

நான் எழுந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்து வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"மீ. ஐ றைட். தட் டே, ஐ ஃபொகெற்." அதே மூச்சில், என் பக்கம் திரும்பாமலே, "உள்ளுக்குப் போ. வாய் திறந்தியோ தெரியும்," என்றார்.

அதிகாரி மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். உருண்டை உருண்டையான எழுத்துக்களையும் சிவப்புக் கோடுகளையும் பார்த்தார். என் சீருடையையும் கையிலிருந்த பேனாவையும் பார்த்தார். களஞ்சிய அறைக்குள் போன எனக்கு அவருடைய குரல் கேட்டது. உங்கள் கையெழுத்து மிகவும் அழகாக இருக்கிறது, ஆனால் இனிமேல் ஒருவரையும் விடாமல் நீங்களே எழுதுங்கள் என்றார். அம்மா நன்றி சொன்னார்.

ஆத்திரம் எனக்குத் தாங்கவில்லை. ஆசிரியையின் முன்னால் மானத்தை வாங்கியதோடு நிற்காமல் என் கையெழுத்தையும் எடுத்துக்கொண்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

"பொய் சொன்னனீங்கள். அது என்ர எழுத்து."

"ஓம், உன்ர எழுத்துத்தான்," என்று சொல்லி, சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் பால் பெட்டியைக் காணோம். பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போ, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார் என்று உத்தரவு. புத்தகத்தை அம்மாவே எழுதத் தொடங்கினார். என் முதல் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் கடையில் மறுக்கப்பட்ட அத்தனை பேரும் நெட்டையாக, நீட்டு மூக்கோடுதான் இருந்தார்கள். அதிகாரி அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு வயதுப் பிள்ளையை மதுப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார வைத்து வேலை வாங்குவது, விட்டுப்போன ஒரு வரியைவிட எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நான் பிறகு படித்துத்தான் அறிந்தேன். நான் சொல்லத் துடித்த அந்த ஒரு உண்மையில் கடை போயிருக்கும். அதை அம்மா அறிந்திருந்தார், அந்த அதிகாரியும் அறிந்திருந்தார். நான் மட்டும் நூலகத்து ரேடியேட்டருக்குப் பக்கத்தில், என்னைக் கடையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்ற கோபத்தோடு, நுழைவுத் தேர்வுக் கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.